நகர் நலச் சங்கத்துக்கு பைலா: பக்கத்து நகர் நகலில் பெயரை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி இதுதான். சென்னைப் புறநகரில் 140 மனைகள் கொண்ட ஒரு மனைப்பிரிவு. தொண்ணூறு பேர் வீடு கட்டிக் குடி வந்தாகிவிட்டது. குடியிருப்போர் நலச் சங்கம் தொடங்கப் போகிறார்கள். பக்கத்து நகர்ச் சங்கத்தின் பைலாவை, அதாவது சங்கம் நடக்க வேண்டிய விதிகளின் தொகுப்பை வாங்கி, பெயரை மாற்றிப் பதிவு செய்துவிடலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். செய்யலாமா, இல்லையென்றால் எதை எப்படி எழுதுவது?

செய்யலாம், பதிவும் ஆகிவிடும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பைலா உங்கள் நகருக்குப் பொருந்துகிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். வேண்டிய தலைப்புகள் இருக்கின்றனவா, சட்டத்துக்கு முரணாக ஏதும் இல்லையா என்பதுதான் அவர்கள் கவலை. மற்றது உங்கள் பாடு.

நான் தாம்பரம் பக்கத்தில் ஒரு நகர்ச் சங்கத்தில் நான்கு வருடம் செயலாளராக இருந்தேன். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு சங்கங்கள் பைலா எழுதும்போது கூடவே உட்கார்ந்திருக்கிறேன். எங்களுடையதும் நகல்தான், அதுவும் நகலின் நகல். முதல் பக்கத்தில் எங்கள் நகரின் தெற்கு எல்லை ரயில் பாதை என்று இருந்தது. எங்களுக்கு நாலு கிலோமீட்டர் சுற்றளவில் ரயில் பாதையே கிடையாது. அது சிரிப்போடு போயிற்று. ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது அப்படிப் போகவில்லை. பொதுக்குழு நோட்டீஸை ‘சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங்’ முறையில், அதாவது அனுப்பியதற்குத் தபால் நிலையத்தில் முத்திரைச் சான்று வாங்கிக்கொண்டு, தபாலில் அனுப்ப வேண்டும் என்று இருந்தது. தபால் துறை அந்தச் சேவையை 2011லேயே நிறுத்திவிட்டது. எங்கள் பைலா பதிவானது அதற்கு அப்புறம். ஆக, பிறந்த நாளிலிருந்தே எங்கள் சங்கத்தால் சொந்த பைலாவின்படி ஒரு பொதுக்குழுவைக்கூட முறையாகக் கூட்டியிருக்க முடியாது. யாருக்கும் தெரியவில்லை. சண்டை வந்த அன்றைக்கு எதிர்த்தரப்பு முதலில் எடுத்துக் காட்டியது அந்த வரியைத்தான்.

அதனால் பக்கத்து நகர் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், தலைப்புகளுக்காக மட்டும். உள்ளே இருக்கும் வாசகங்களை நீங்களே எழுதுங்கள்.

முதலில் எந்தச் சட்டம் என்பதைத் தெளிவாக்கிவிடலாம். தனித்தனி வீடுகள் உள்ள நகர் என்றால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. அது 1978லிருந்து நடைமுறையில் இருக்கிறது, அதற்கான விதிகளும் அதே 1978இல் வந்தவைதான். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வழியே வேறு. அங்கே 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் இருக்கிறது, 2024 மார்ச்சில்தான் நடைமுறைக்கு வந்தது. பொதுச்சுவர், லிப்ட், பிரிபடாத நிலப்பங்கு என்று அதன் கணக்கே தனி. அடுக்குமாடிக்காரர் ஒருவருடைய பைலாவை நண்பர் என்பதற்காக வாங்கி வந்துவிடாதீர்கள். ஒரு நகர்ச் சங்கம் அப்படிச் செய்து, தெருவில் லிப்ட் பராமரிப்புக் கட்டணம் பற்றி ஒரு விதி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பதிவுக்கு இரண்டு ஆவணம் வேண்டும். ஒன்று, சங்கத்தின் பெயர், முகவரி, நோக்கங்கள், முதல் நிர்வாகிகள் யார் என்று சொல்லும் அமைப்பு விவரக் குறிப்பு. இன்னொன்று பைலா. நோக்கங்களை எழுதும்போது தாராளமாக இருங்கள். சாலை, குடிநீர், மழைநீர் வடிகால், தெருவிளக்கு, பூங்கா என்று எல்லோரும் எழுதுவார்கள். இரண்டை மறந்துவிடுகிறார்கள். நமக்கு நாமே திட்டம் மாதிரி அரசுத் திட்டங்களுக்கு மக்கள் பங்குத்தொகை திரட்டிக் கட்டுவது ஒன்று. பொதுநலனுக்காக நீதிமன்றம் போவது இன்னொன்று. மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தை யாரோ வளைக்கப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். வழக்குப் போடப் போனால், சங்கத்துக்கு இதற்கு அதிகாரம் உண்டா, வக்காலத்தில் கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்பதுதான் எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியாக இருக்கும். நோக்கத்தில் ஒரு வரி, பைலாவில் ‘சங்கத்தின் சார்பில் வழக்கு தொடுக்கவும் எதிர்வாதிடவும் செயலாளர் கையெழுத்திடுவார்’ என்று ஒரு வரி. போதும். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையை மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து, குடியிருந்தவர்கள்தான் உச்ச நீதிமன்றம் வரை போய் 1991இல் ஜெயித்தார்கள். அந்த வேலைக்குத்தான் சங்கம், பொங்கலுக்குக் கோலப்போட்டி நடத்துவதற்கு மட்டுமில்லை. அதுவும் வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இனி பைலா. அதிக நேரம் செலவழிக்க வேண்டிய இடம் உறுப்பினர் யார் என்ற விதி. ‘நகரில் குடியிருக்கும் அனைவரும் உறுப்பினராகலாம்’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு உங்கள் தெருவில் ஒருமுறை நடந்து வாருங்கள். முதல் மனை காலி, சொந்தக்காரர் பஹ்ரைனில். அவர் குடியிருக்கவில்லை, ஆனால் அவர் மனையில்தான் முள்ளும் பாம்பும். அடுத்த வீடு கணவன் மனைவி இருவர் பெயரில். இருவருக்கும் தனித்தனி ஓட்டா? அடுத்தது, பட்டா இன்னும் காலமான அப்பா பெயரில் இருக்கிறது. மூன்று மகன்கள், மூவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அதற்கடுத்த வீட்டில் கீழ்த்தளம் ஒருவருக்கும் மேல்தளம் இன்னொருவருக்கும் விற்றாகிவிட்டது. கடைசி வீட்டுக்காரருக்கு இதே நகரில் நாலு மனை. நாலு ஓட்டு கேட்பார்.

நான் உட்கார்ந்த சங்கங்களில் கடைசியில் நிலைத்தது இப்படியொரு வாசகம்:

‘நகரின் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் உள்ள ஒவ்வொரு மனைக்கும் ஓர் உறுப்பினர், ஓர் ஓட்டு. ஒரே மனையில் தனித்தனிப் பத்திரம் கொண்ட வீடுகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டு. ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்குச் சொந்தமான மனைக்கு, அவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுக் குறிப்பிடும் ஒருவர் உறுப்பினர். அவ்வாறு குறிப்பிடும் வரை அந்த மனைக்கு ஓட்டு இல்லை. ஒருவருக்கு எத்தனை மனைகள் இருந்தாலும் ஓர் ஓட்டுக்கு மேல் இல்லை.’

கடைசி வாக்கியத்தில் உங்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். நாலு மனைக்கும் சந்தா வாங்கிவிட்டு ஓர் ஓட்டுதான் என்றால் அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஆனால் மனை போட்டு விற்ற புரமோட்டர் கையில் இன்னும் இருபது மனை விற்காமல் இருக்கிறது என்றால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாலையும் பூங்காவும் பஞ்சாயத்துக்கோ மாநகராட்சிக்கோ தானப் பத்திரம் மூலம் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டதா என்று நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய ஆளே அவர்தான்.

வாடகைக்கு இருப்பவர்கள் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. சங்கத்தின் பெயரே குடியிருப்போர் நலச் சங்கம். தெருவிளக்கு எரியவில்லை என்று இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிடுபவர் பெரும்பாலும் வாடகை வீட்டுக்காரர்தான், சொந்தக்காரர் வேறெங்கோ இருப்பார். அவர்களை வெளியே நிறுத்தினால் சங்கத்தில் பாதித் தெரு இருக்காது. நாங்கள் ‘இணை உறுப்பினர்’ என்று ஒரு வகை வைத்தோம். குறைந்த சந்தா, கூட்டத்தில் பேசலாம், செயற்குழுவில் இரண்டு இடம். சொத்து வாங்குவது, பைலா திருத்துவது, சங்கத்தைக் கலைப்பது இந்த மூன்றில் மட்டும் ஓட்டு இல்லை. சேர்த்த முதல் வருடம் முணுமுணுப்பு இருந்தது. அடுத்த வருடம் குப்பை வண்டிப் பொறுப்பை எடுத்துக்கொண்டதே ஒரு வாடகை வீட்டு அம்மாதான்.

அடுத்தது கூட்டம். இதில் எண்கள்தான் முக்கியம். எத்தனை நாள் முன்பு நோட்டீஸ், எப்படி, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், வராவிட்டால் என்ன. ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 21 நாள் நோட்டீஸ் என்று எழுதிவிடுங்கள். வெளியூர்க்காரர்களுக்கு டிக்கெட் எடுக்கவாவது நேரம் வேண்டும். நோட்டீஸ் அனுப்பும் முறையில் தபால் துறையை மட்டும் நம்பி எழுதாதீர்கள். சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங் போன கதையைச் சொன்னேன். ‘பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்’ என்று எழுதியவர்களுக்கும் இப்போது அதே சங்கடம், 2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். நகரில் இருப்பவர்களுக்கு நேரில் கொடுத்துக் கையெழுத்து, வெளியூர்க்காரர்களுக்கு அவர்களே எழுதிக் கொடுத்த மின்னஞ்சலுக்கோ வாட்ஸ்அப் எண்ணுக்கோ அனுப்புவது, இரண்டோடு சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது. இப்படி எழுதினால் போதும். வாட்ஸ்அப் குழுவில் போட்டாலே நோட்டீஸ்தான் என்று எழுதாதீர்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே போட்டுவிட்டு, போட்டோமே என்று சொல்லும் செயலாளர்கள் உண்டு. நானே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்பது பற்றி ஒரு கதை. எங்கள் நகரில் அப்போது 86 உறுப்பினர்கள். பைலாவில் கோரம் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 29 பேர். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் ஷாமியானா போட்டுக் கூட்டம். வருவது இருபத்துநாலு, இருபத்தைந்து பேர். டீ, பிஸ்கட் கொடுத்து, கணக்கு வாசித்து, ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதிவிடுவோம். மூன்று வருடம் இப்படி ஓடியது. நாலாவது வருடம், ஆழ்குழாய்க் கிணறு போட்ட செலவில் தகராறு. ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் கூட்ட நடவடிக்கைகளை எழுதும் மினிட் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, என் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினார். 24. முந்தைய வருடம் 26, அதில் இரண்டு கையெழுத்து ஒரே கையில் போட்டது. அதற்கு முந்தைய வருடம் 25. மூன்று வருடக் கணக்கும் செல்லாது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

கோரத்தைக் குறைத்து எழுதுவது கேவலமில்லை. ஐந்தில் ஒரு பங்கு போதும். அதோடு, ‘குறித்த நேரத்திலிருந்து அரைமணிக்குள் கோரம் சேராவிட்டால் கூட்டம் அதே இடத்தில் அரைமணி தள்ளி நடக்கும், அப்போது வந்திருப்பவர்களே கோரம், ஆனால் நோட்டீஸில் சொன்ன பொருள்களைத் தவிர வேறெதையும் எடுக்கக் கூடாது’ என்று எழுதுங்கள். பைலா திருத்தம், பதவி நீக்கம், கலைப்பு மாதிரியான விஷயங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். வருகைக் கையெழுத்துக்குத் தனிப் பதிவேடு வேண்டும். மினிட் புத்தகத்தில் பக்க எண் அச்சடித்தது வாங்குங்கள். காலிப் பக்கம் விட்டு எழுதும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்திவிடுங்கள்.

செயற்குழுவுக்கு வருவோம். பதவிக்காலம் மூன்று வருடத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, மறுபடி தேர்ந்தெடுக்கத் தடையில்லை. நான் இரண்டு வருடம் எழுதச் சொல்வேன். நகல் பைலாக்கள் பலவற்றில் ஒரு சின்ன வரி ஒளிந்திருக்கும்: ‘புதிய குழு பொறுப்பேற்கும் வரை பழைய குழு தொடரும்.’ பார்க்க நியாயமாகத்தான் தெரியும். அதை வைத்துக்கொண்டு தேர்தலே நடத்தாமல் ஏழெட்டு வருடம் ஓட்டிய தலைவர்களைப் பார்த்திருக்கிறேன். காலம் முடிவதற்கு 60 நாள் முன்பே தேர்தல் அறிவிப்பு வர வேண்டும், செயலாளர் அறிவிக்காவிட்டால் பத்து உறுப்பினர்கள் சேர்ந்து அறிவிக்கலாம் என்று எழுதுங்கள். தேர்தலை நடத்துபவர் போட்டியிடாதவராக, முடிந்தால் வேறு நகர்க்காரராக இருக்கட்டும். உறுப்பினர் பட்டியலைத் தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்பு பலகையில் ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, மூடிவிட வேண்டும். அன்றைக்குக் காலையில் சந்தா கட்டி உறுப்பினரானவர்கள் நாற்பது பேர் ஆட்டோவில் வந்திறங்குவது சினிமாவில் மட்டும் நடப்பதில்லை.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், புதிய நிர்வாகிகள் வந்ததும் ஏழாம் எண் படிவத்தில் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். சண்டை வந்தால் இரண்டு கோஷ்டியும் ஆளுக்கொரு படிவத்தோடு போய் நிற்பார்கள். யார் உண்மையான நிர்வாகி என்று தீர்ப்புச் சொல்வது பதிவாளர் வேலையல்ல, உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. வழக்கு முடியும் வரை வங்கி கணக்கை முடக்கிவிடும். காவலாளிக்குச் சம்பளம் கிடையாது, மோட்டார் ரிப்பேருக்குப் பணம் கிடையாது. பைலாவில் தேர்தல் விதி தெளிவாக இருந்தால் அந்த இரண்டு படிவங்களில் ஒன்று பொய் என்பது பார்த்தவுடனே தெரியும். இல்லையென்றால் இரண்டுமே உண்மை மாதிரி இருக்கும்.

சில்லறை மாதிரித் தெரியும் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்: ‘பதவி முடிந்த ஏழு நாளுக்குள் ரப்பர் ஸ்டாம்ப், மினிட் புத்தகம், செக் புத்தகம், பதிவுச் சான்றிதழ், பம்ப் அறைச் சாவி எல்லாவற்றையும் பட்டியலிட்டுக் கையெழுத்து வாங்கி ஒப்படைக்க வேண்டும்.’ முன்னாள் தலைவர் ஸ்டாம்பைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஆறு மாதம் தானே தலைவர் என்று மாநகராட்சிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த நகர் ஒன்று எனக்குத் தெரியும். கூடவே, சங்கத்தின் மின்னஞ்சல் கடவுச்சொல், வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு. இந்தக் காலத்தில் ஸ்டாம்பைவிட அதுதான் பெரிய சண்டை.

பணம். இரண்டு பேர் கையெழுத்து என்று எல்லோரும் எழுதுவார்கள். பொருளாளர் கட்டாயம், அவரோடு தலைவர் அல்லது செயலாளர் என்று எழுதுவது நல்லது, ஒருவர் ஊரில் இல்லாவிட்டாலும் வண்டி ஓடும். கையில் வைத்திருக்கும் ரொக்கத்துக்கு ஓர் உச்சவரம்பு, ஐயாயிரமோ பத்தாயிரமோ. எவ்வளவு வரை செயலாளரே செலவழிக்கலாம், எதற்கு மேல் செயற்குழு, எதற்கு மேல் பொதுக்குழு என்று மூன்று படி. எந்தத் தொகையானாலும் சரி, பைலாவில் எழுதாமல், ‘பொதுக்குழு அவ்வப்போது தீர்மானிக்கும் தொகை’ என்று விட்டுவிட்டு முதல் பொதுக்குழுவிலேயே தீர்மானம் போடுங்கள். சந்தாவும் அப்படியே. பைலாவுக்குள் ‘மாதச் சந்தா ரூ. 50’ என்று எழுதிவிட்டு, பத்து வருடம் கழித்து அதை 200 ஆக்க சிறப்புத் தீர்மானத்துக்கு அலைந்தவர்கள் நாங்கள். சந்தா பெரிய தொகையாகப் போகுமானால், உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய்க்கு மேல், ஆண்டு வரவு 20 லட்சத்துக்கு மேல் என்று இரண்டும் சேர்ந்தால்தான் ஜிஎஸ்டி பேச்சு வரும். தனி வீடுகள் உள்ள நகருக்கு அந்தக் கவலை அநேகமாக இல்லை.

அவசரச் செலவுக்கு ஒரு விதி கட்டாயம் வையுங்கள். 2015 டிசம்பர் முதல் தேதி அடையாறு பொங்கியபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். எங்கள் நகரில் இடுப்பளவு தண்ணீர். பொருளாளர் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போயிருந்தார். பைலாவின்படி ஐயாயிரத்துக்கு மேல் செலவென்றால் செயற்குழுத் தீர்மானம் வேண்டும், செயற்குழுவில் பாதிப் பேர் மொட்டைமாடியில். தலைவர் தன் கைக்காசைப் போட்டு டிராக்டருக்கும் டீசல் பம்ப்புக்கும் பால் பாக்கெட்டுக்குமாக 38,000 ரூபாய் செலவழித்தார். அப்புறம் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டபோது, தீர்மானம் எங்கே என்று ஒருவர் எழுந்து நின்றார். அவர் வீட்டுக்கும்தான் பால் போனது. பணம் கைக்கு வர எட்டு மாதம் ஆயிற்று. ‘வெள்ளம், புயல், தீ, தொற்றுநோய், குடிநீர்த் தடை ஆகியவற்றின்போது ஏதேனும் இரண்டு நிர்வாகிகள் சேர்ந்து, பொதுக்குழு நிர்ணயித்த அவசர வரம்பு வரை செலவழிக்கலாம். 30 நாளுக்குள் ரசீதுகளோடு செயற்குழுவின் ஒப்புதல் பெற வேண்டும்.’ இதை நாங்கள் 2016இல் சேர்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை.

கோயில் பணத்தைச் சங்கப் பணத்தோடு கலக்காதீர்கள். நம் நகர்களில் பெரும்பாலும் ஒரு பிள்ளையார் இருப்பார், அவருக்குக் கும்பாபிஷேகம் வரும், அதே ஆட்கள் அதே ரசீதுப் புத்தகத்தில் வசூலிப்பார்கள். நகரில் கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களும் சந்தா கட்டுகின்றன. விழாக் கமிட்டி தனி, அதன் கணக்கும் தனி என்று ஒரு வரி இருந்தால் இரு பக்கமும் நிம்மதி.

சந்தா பாக்கிக்கு என்ன தண்டனை என்பதில் நிதானம் வேண்டும். ஆறு மாதப் பாக்கி இருந்தால் ஓட்டில்லை, தேர்தலில் நிற்க முடியாது, பாக்கியைக் கட்டியதும் உரிமை திரும்பும். இவ்வளவுதான் பைலாவால் செய்ய முடியும். குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம், குப்பை எடுக்க மாட்டோம், வாட்ஸ்அப்பில் பெயர் போடுவோம் என்றெல்லாம் எழுதி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரை நிறுத்தினால் மறுநாள் காவல் நிலையத்தில் உட்கார வேண்டியவர் செயலாளர்தான்.

இதையொட்டி, பைலாவால் முடியாதவை சில உண்டு. நகர்ச் சாலைகள் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கப்பட்டவை, அவை பொதுச் சாலைகள். இரவு பத்து மணிக்குக் கேட் போட்டுப் பூட்டுவோம் என்று பைலாவில் எழுதினாலும் அதற்கு அதிகாரம் வந்துவிடாது. நாய் வளர்க்கத் தடை என்று எழுத முடியாது. தெருநாய்கள் விஷயத்தில் 2023ஆம் ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், உணவு வைப்பதற்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பை நலச் சங்கத்தின் தலையிலேயே வைத்திருக்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், வாசல், படிக்கட்டு தவிர்த்து ஓர் இடத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். இன்ன சாதிக்கு, இன்ன மதத்துக்கு, கல்யாணம் ஆகாதவர்களுக்கு வீடு வாடகைக்கு விடக் கூடாது என்று சில இடங்களில் வாய்மொழியாகப் பேசுகிறார்கள். அதை எழுத்தில் கொண்டுவரச் சொல்லி யாராவது கேட்டால் அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

கார் நிறுத்துவது, ஞாயிற்றுக்கிழமை கட்டட வேலை, பூங்கா நேரம், குப்பை பிரிப்பது இவை எதுவும் பைலாவுக்குள் வேண்டாம். மாறிக்கொண்டே இருக்கும் சமாசாரங்கள் இவை. ‘அன்றாட நடைமுறை விதிகளைப் பொதுக்குழு சாதாரணப் பெரும்பான்மையில் வகுக்கலாம், மாற்றலாம்’ என்று ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டு, அவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள். பைலாவைத் திருத்துவது லேசில்லை. முறையான நோட்டீஸ் கொடுத்துப் பொதுக்குழு கூட்டி, ஓட்டுப் போடுபவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, அதைப் பதிவாளர் பதிவு செய்த பிறகுதான் திருத்தம் செல்லும். ஒரு குப்பைத் தொட்டியை இடம் மாற்ற இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

கலைப்பு விதி சம்பிரதாயம் மாதிரி இருக்கும், ஆனாலும் எழுத வேண்டும். மிச்சப் பணத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது, இதே நோக்கமுள்ள வேறு சங்கத்துக்குப் போக வேண்டும். தணிக்கை, ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்கும் உறுப்பினர் பட்டியலும் தாக்கல் செய்வது ஆகியவை யார் பொறுப்பு என்று பதவிப் பெயரோடு எழுதுங்கள். ‘சங்கம் தாக்கல் செய்யும்’ என்று எழுதினால் யாரும் செய்ய மாட்டார்கள். எங்களுடையது ஐந்து வருடம் தாக்கலாகாமல் கிடந்து, பிறகு அபராதத்தோடு கட்டினோம்.

எழுதும் முறை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தமிழில் எழுதுங்கள். ஆங்கில நகலைப் பாதி புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டவர்கள்தான் பிற்பாடு, எனக்கு யாரும் சொல்லவில்லை என்பார்கள். மூன்று பேர் வரைவு எழுதட்டும், அதற்கு மேல் வேண்டாம். அந்த மூவரில் ஒருவர் எல்லாவற்றுக்கும் ஆட்சேபணை சொல்லும் ஆளாக இருக்கட்டும், ஒவ்வொரு நகரிலும் அப்படி ஒருவர் இருப்பார். வரைவை மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எல்லோர் முன்னாலும் உரக்கப் படியுங்கள், ஒரு நாளைக்குப் பத்து விதிக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு விதி முடிந்ததும், ‘தலைவருக்கும் செயலாளருக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் இது எப்படி நடக்கும்?’ என்று அந்த ஆட்சேபணைக்காரரைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் ஞாயிறு ஐம்பது பேர் வருவார்கள், மூன்றாவது ஞாயிறு பதினைந்து. பரவாயில்லை, அந்தப் பதினைந்து பேர்தான் பின்னால் நிர்வாகிகளாக வருவார்கள்.

பதிவானதும், பதிவுச் சான்றிதழோடு பைலாவின் சான்றிட்ட நகல் இரண்டுக்கு அன்றைக்கே மனுப் போடுங்கள். ஒன்று வங்கிக்கு, ஒன்று செயலாளரின் கோப்புக்கு. அதை ஸ்கேன் செய்து எல்லா உறுப்பினர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். எங்கள் மூல நகல் ஒரு முன்னாள் பொருளாளர் வீட்டுப் பரணில் இருந்தது. 2015 வெள்ளத்தில் அது மட்டும் நனையவில்லை, ஆனால் அவர் வீடு விற்றுக்கொண்டு போனபோது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது.